பயிற்சிக்கு முழு மதிப்பெண், கடைசி இருபது நிமிடத்துக்குப் பாதி: ஒரு பருவகாலக் கால்பந்துப் பயிற்சியாளர் சேவை பற்றிய மதிப்புரை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலில் இருந்து நீரோடி வரையிலான ஊர்களில், கால்பந்து மன்றம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஊர் மூத்தவர்களே அணியை நடத்திவந்த பழைய வழக்கம் இப்போது குறைந்து, ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசிப் பயிற்சியாளரை வெளியிலிருந்து அமர்த்தும் வழக்கம் பெருகி வருகிறது. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்ற பிறகு, நம் பிள்ளைகளுக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததில் வியப்பில்லை. எங்கள் மன்றமும் கடந்த பருவத்தில் அப்படி ஒருவரை அமர்த்தியது. நிர்வாகக் குழுவில் இருப்பவன் என்ற முறையில், அவரையோ அவரைப் போன்ற வேறொருவரையோ அழைக்க எண்ணும் பிற மன்றங்களுக்கு உதவும் என்று கருதி அவருடைய சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. இது அவருடைய பிழைப்பு என்பது ஒரு காரணம். நான் சொல்லவரும் குறை உலகக் கோப்பை வரை சென்ற பயிற்சியாளர்களிடமும் இருப்பது என்பது இன்னொரு காரணம்.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவை நிறைய இருக்கின்றன. மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆழ்கடலுக்குப் போகும் இளைஞர்கள் தொடர்ச்சியாகக் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றே என்பதால், அவர் தமது வேலையை அந்த இரண்டு மாதங்களில் வைத்துக்கொண்டார். அதிகாலையில் கடற்கரை மணலில் ஓட்டமும் தாவலும், மாலையில் ஆலயத் திடலில் பந்துப் பயிற்சி. மழை வலுத்த நாள்களில் வீரர்களைச் சமூகநலக்கூடத்தில் உட்காரவைத்துக் கரும்பலகையில் ஆட்டமுறையை விளக்கினார். குறித்த நேரத்துக்கு முன்னதாகவே அவர் திடலில் நிற்பார் என்பதால், நேரத்துக்கு வருவது என்ற பழக்கமே இல்லாத எங்கள் பையன்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

அவருடைய தனித்திறமை பின்களப் பயிற்சியில் இருக்கிறது. வலைக்குப் பயன்படும் பழைய கயிற்றை எடுத்து, நான்கு பின்கள வீரர்களின் இடுப்பிலும் ஒரே அளவு இடைவெளி விட்டுக் கட்டி, பந்து இடப்பக்கம் போனால் நால்வரும் இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம் என்று மணிக்கணக்கில் நகரவைத்தார். ஒருவன் தன்னிச்சையாக முன்னே ஓடினால் கயிறு இறுகி மற்ற மூவரையும் இழுக்கும். தடுமாறி விழுந்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் சிரிப்பு நின்று, கயிறு தளர்ந்தே இருக்கத் தொடங்கியது. கயிற்றை அவிழ்த்த பிறகும் அந்த இடைவெளி அவர்கள் உடம்பில் தங்கிவிட்டது. முந்தைய பருவங்களில் எங்கள் ஸ்டாப்பர்கள் (நடுப் பின்கள வீரர்கள்) இருவரும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய ஊர், இந்த ஆண்டு அவர்கள் ஒருவருக்கொருவர் மறைவு கொடுத்து ஆடுவதைப் பார்த்தது. கோல்காப்பாளருக்கு அவர் தனியாக அளித்த பயிற்சியும், பெனால்டி உதைகளால் வெற்றியை முடிவு செய்யும் டைபிரேக்கரில் உதைப்பவரின் ஊன்றுகாலைக் கவனித்துப் பாயச் சொல்லிக்கொடுத்த முறையும் அதே தரத்தில் இருந்தன. எங்கள் பகுதியில் வழக்கமாகக் கொடுக்கப்படும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே அவர் கேட்டார். போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் தனி. இந்தப் பயிற்சிக்கு அது தகும்.

குறை ஆட்ட நாளில் தொடங்குகிறது. துல்லியமாகச் சொன்னால், ஆட்ட நாளின் கடைசிப் பகுதியில், எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போதும், கோல் எதுவும் விழாமல் ஆட்டம் சமனில் நிற்கும்போதும் தொடங்குகிறது. மூன்று கோல் வித்தியாசத்தில் வெல்லும் ஆட்டத்திலும், தோற்றுப்போவது உறுதியாகிவிட்ட ஆட்டத்திலும் பயிற்சியாளரின் முடிவுகளால் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. இழுபறி ஆட்டத்தில்தான் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எடை பெறுகிறது. அந்த இடத்தில் எங்கள் பயிற்சியாளர் எப்போதும் ஒரே முடிவையே எடுத்தார்.

அரையிறுதி ஆட்டம் ஒன்றை விளக்கமாகச் சொல்வது பொருத்தமாக இருக்கும். முதல் பாதியின் நடுவில், இடது விங்கில், அதாவது திடலின் இடது ஓரத்தில், ஆடிய எங்கள் பையன், மெலிந்த உடம்பும் அசாத்திய வேகமும் கொண்டவன், எதிரணியின் வலப்புறப் பின்கள வீரரைக் கடந்து போய்க் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. அதன் பிறகு அந்த வலப்புறப் பின்கள வீரர் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. இந்தப் பையன் எப்போது ஓடுவானோ என்ற கவலை அவரைத் தம் பாதியிலேயே நிறுத்தியிருந்தது. அதாவது பந்தைத் தொடாமலேயே எங்கள் விங்கர் எதிரணியின் ஆட்டக்காரர் ஒருவரைக் கட்டிவைத்திருந்தான். இரண்டாம் பாதியில் ஏறத்தாழ இருபது நிமிடம் மீதமிருந்தபோது பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்து, மூன்றாவது ஸ்டாப்பர் ஒருவரை உள்ளே அனுப்பினார். அடுத்த சில நிமிடங்களில் நடுக்கள வீரர் ஒருவரும் வெளியேறி அவர் இடத்தில் இன்னொரு பின்கள வீரர் வந்தார். முன்களத்தில் ஒரே ஒருவன் மிஞ்சினான். அவனையும் எங்கள் பாதிக்குள் இறங்கி நிற்கும்படி சைகை காட்டினார்.

அதுவரை அடங்கிக் கிடந்த வலப்புறப் பின்கள வீரர் அந்த நொடியிலிருந்து ஏறி ஆடத் தொடங்கினார். எங்கள் ஸ்டாப்பர்கள் வெளியேற்றிய பந்துகளை முன்னே பிடித்து நிறுத்த ஆளில்லை. ஒவ்வொரு பந்தும் போன வேகத்தில் திரும்பி வந்தது. மேற்கே கடலிலிருந்து கச்சான் காற்று எங்கள் முகத்துக்கு எதிராக வீசிக்கொண்டிருந்ததால், ஓங்கி உதைத்த பந்துகள்கூட நடுவட்டத்தைத் தாண்டாமல் உயர்ந்து நின்று கீழே விழுந்தன. த்ரோ, கார்னர், ஃப்ரீகிக், மறுபடி கார்னர் என்று பத்து நிமிடம் பந்து எங்கள் கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பெட்டியைச் சுற்றியே கிடந்தது. இறுதியில் ஒரு கார்னரை எங்கள் புதிய ஸ்டாப்பர் தலையால் முட்டி வெளியேற்ற, பெட்டிக்கு வெளியே யாரும் காக்காமல் நின்ற அதே வலப்புறப் பின்கள வீரர் தரையோடு உதைத்தார். கூட்டமாக நின்ற எங்கள் ஆள்களின் கால்களுக்கு இடையே வந்த பந்தைக் கோல்காப்பாளர் கடைசி நொடியில்தான் பார்த்தார். டைபிரேக்கரில் தோற்றோம்.

"சார், அந்தப் பையன எதுக்கு வெளிய எடுத்தீங்க?" என்று எங்கள் தலைவர் வருத்தத்தோடு கேட்டார். "ஒரு கோல் இருந்துதுல்லா? அதக் காப்பாத்தினா போதும்லா?" என்று பயிற்சியாளர் அமைதியாகவே பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற மூத்த மீனவர் ஒருவர், யாரையும் பார்க்காமல், "கரை தெரியுதுன்னு இஞ்சின அணைச்சா திரை வள்ளத்தப் பெரட்டிப் போட்டுரும் மக்கா" என்றார். கோல் விழுந்த விதத்தை இதைவிடச் சரியாக விளக்க என்னால் இயலாது.

இதில் கவனிக்க வேண்டியது, பின்வாங்கி ஆடுவது ஆபத்தைக் குறைப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் ஆபத்தின் வகையை மட்டுமே மாற்றுகிறது என்பதாகும். எதிரணி வேகமாக எதிர்த்தாக்குதல் நடத்தும் வாய்ப்பு குறைகிறது. அதற்கு ஈடாக, பெட்டிக்குள் விழும் உயர்பந்துகளும் கார்னர்களும் நழுவி விழும் இரண்டாவது பந்துகளும் பெருகுகின்றன. எதிர்த்தாக்குதலை வேகத்தாலும் இடைவெளியைக் காப்பதாலும் தடுக்கலாம். பெட்டிக்குள் கூட்டம் சேர்ந்தபின் விழும் பந்தைத் தடுப்பதில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகுதி. ஒரு முழங்கால் பட்டுத் திசை மாறினாலும் போதும். கயிறு கட்டிப் பழக்கிய நால்வரின் ஒழுங்கு, ஐந்தாமவரும் ஆறாமவரும் அந்த வரிசைக்குள் நுழைந்ததும் குலைந்தது. தாமே இரண்டு மாதம் உழைத்துச் செதுக்கிய ஒன்றை, அது மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அவரே கலைத்தார் என்பதே என் முதன்மையான மனத்தாங்கல்.

இது எங்கள் ஊர்த் திடலோடு முடிகிற சங்கதி இல்லை. 2016 முதல் 2024 வரை இங்கிலாந்து அணியை நடத்திய கேரத் சவுத்கேட், வீரர்களின் மதிப்பைப் பெற்றவர், அந்த அணியை நீண்ட காலத்துக்குப் பிறகு பெரிய இறுதிப் போட்டிகளுக்குக் கொண்டுசென்றவர். ஆனால் 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக 5வது நிமிடத்திலேயே ட்ரிப்பியரின் ஃப்ரீகிக் மூலம் முன்னிலை பெற்ற அணி, மெல்ல மெல்லப் பின்னகர்ந்து, 68வது நிமிடத்தில் பெரிசிச்சிடம் ஒரு கோலையும், கூடுதல் நேரத்தில் மான்ஜுகிச்சிடம் இன்னொன்றையும் வாங்கித் தோற்றது. மூன்று ஆண்டு கழித்து, அதே ஜூலை 11 அன்று, வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் லூக் ஷா 2வது நிமிடத்தில் கோல் அடித்தார். மறுபடியும் பின்னகர்வு, 67வது நிமிடத்தில் இத்தாலியின் போனூச்சி அடித்த சமன் கோல், பெனால்டியில் தோல்வி. இரண்டு ஆட்டங்களிலும் சவுத்கேட் முதல் மாற்று வீரரை அனுப்பியது சமன் கோல் விழுந்த பிறகே. இரண்டாவது ஆட்டத்தில் ரஷ்ஃபோர்டையும் சான்ச்சோவையும் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் பெனால்டிக்காக மட்டும் இறக்கினார். பந்தோடு கால் பழகாத நிலையில் வந்த இருவருமே தவறவிட்டார்கள். இன்னும் பின்னே போனால், அரணமைத்து ஆடுவதற்குப் பெயர்பெற்ற எலேனியோ எரேராவின் இன்டர் மிலான், 1967 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் 7வது நிமிடப் பெனால்டியோடு கதவைச் சாத்திக்கொண்டு, செல்டிக்கின் தாக்குதலுக்கு ஆட்டம் முழுதும் ஆளாகி, 2-1 என்று தோற்றது.

இந்திய அணியைப் பின்தொடர்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டு ஜனவரியில் ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்ற அதே அணி, சார்ஜாவில் பஹ்ரைனுக்கு எதிராக ஒரு சமனே போதும் என்ற நிலையில் இறங்கி, அந்தச் சமனைக் காத்துக்கொள்வதிலேயே ஆட்டம் முழுவதையும் செலவிட்டது. 90 நிமிடம் கடந்தபின் பெட்டிக்குள் ஒரு ஃபவுல், பெனால்டி, 1-0, போட்டியிலிருந்தே வெளியேற்றம். பயிற்சியாளர் கான்ஸ்டன்டைன் அன்றே பதவி விலகினார். செப்டம்பரில் குவாகாத்தியில் ஓமனுக்கு எதிராக 24வது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்தும், 82வது நிமிடத்திலும் 90வது நிமிடத்திலும் கோல் வாங்கித் தோற்றார்கள். இவ்வளவு நேரம் தாங்கிவிட்டோமே என்று மனம் தளரும் நிமிடங்களில் இந்தக் கோல்கள் விழுவதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. நெடுநேரம் பந்தைத் துரத்தி மட்டுமே ஓடுகிற கால்கள் பந்தோடு ஓடும் கால்களைவிட விரைவில் களைக்கின்றன. களைப்பு கவனத்தைத் தின்கிறது.

ஆனால் ஓமனிடம் தோற்ற அதே அணி ஐந்தாம் நாள் தோகாவில் ஆசியச் சாம்பியனான கத்தாரைக் கோல் விழாமல் தடுத்து, 0-0 என்ற முடிவோடு திரும்பியது. காய்ச்சலால் சேத்ரி ஆடவில்லை. கோல்காப்பாளர் குர்பிரீத் அணித்தலைவராக நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். பலம் மிகுந்த எதிரணியோடு ஆடும்போது பின்களத்தை அடைத்து ஆடுவது கோழைத்தனம் ஆகாது. அங்கே திறந்து ஆடினால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். 2004 ஐரோப்பியக் கோப்பையில் கிரேக்க அணி, காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றையும் 1-0 என்றே வென்று கோப்பையைத் தூக்கியதும் இந்த வழியில்தான். எங்கள் பயிற்சியாளரும் திருவனந்தபுரத்திலிருந்து வந்த, எங்களைவிடத் தெளிவாக மேலான ஓர் அணியை இப்படித்தான் டைபிரேக்கர் வரை இழுத்துச் சென்று வென்றுகாட்டினார். அன்று அவரைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருவன். பலவீனமான அணிக்கு ஏற்ற மருந்தைச் சமபலமுள்ள ஆட்டத்திலும், ஏன், எங்களைவிட இளைத்த அணியோடு ஆடும் ஆட்டத்திலும்கூட அவர் ஊட்டினார் என்பதில்தான் முறையீடு. கிரேக்க அணி தொடக்கத்திலிருந்தே அப்படி ஆடப் பழகியிருந்தது. எழுபது நிமிடம் ஏறி ஆடிவிட்டுத் திடீரென இறங்குவது வேறு காரியம், ஏனெனில் அந்த மாற்றத்தை முதலில் உணர்ந்து துணிச்சல் கொள்வது எதிரணி.

2022 உலகக் கோப்பை இறுதியை இம்மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. டிஜிட்டல் பதாகைகளில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் நடக்கும் போட்டியைச் சந்திகளில் கண்டிருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது 64வது நிமிடத்தில் டி மரியாவை வெளியே அழைத்து, பின்கள வீரரான அக்குன்யாவை இறக்கினார் அதன் பயிற்சியாளர் ஸ்கலோனி. இடப்பக்கத்தில் பிரான்சை அதுவரை திணறடித்துக்கொண்டிருந்தவர் டி மரியா. 80, 81 ஆகிய நிமிடங்களில் எம்பாப்பே இரண்டு கோல்களையும் திருப்பி அடித்தார். நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியிலும் அர்ஜென்டினா 2-0 முன்னிலையை 83வது நிமிடத்திலும், கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் 11வது நிமிடத்திலும் இழந்திருந்தது. ஸ்கலோனியை நான் மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததற்காக: இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் லௌதாரோ மார்த்தினெஸ் என்னும் முன்கள வீரரை இறக்கினார், 108வது நிமிடத்தில் அவர் உதைத்து பிரான்சின் கோல்காப்பாளர் லோரிஸ் தட்டிவிட்ட பந்தைத்தான் மெஸ்ஸி கோலாக்கினார். ஆட்டம் கையைவிட்டுப் போகிறது என்று கண்டதும் எதிர்த்திசையில் முடிவெடுக்கும் நெகிழ்வு அவரிடம் இருந்தது. எங்கள் பயிற்சியாளரிடம் நான் காணாதது இந்த நெகிழ்வுதான். சமன் கோல் விழுந்த பிறகு அவரிடம் இறக்குவதற்கு முன்கள வீரர் எவரும் மிச்சமில்லை.

பயிற்சியாளர்கள் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்டால், அதில் அவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. முன்னிலையில் இருக்கும்போது இன்னொரு முன்கள வீரரை இறக்கி, எதிர்த்தாக்குதலில் கோல் வாங்கித் தோற்றால், "இவருக்கு என்ன பைத்தியமா?" என்று ஊரே கேட்கும். ஸ்டாப்பரை இறக்கிவிட்டுத் தோற்றால், "என்ன செய்ய, நேரம் சரியில்லை" என்று ஆறுதல் கிடைக்கும். பழி விழும் வாய்ப்பைக் குறைக்கும் முடிவும், தோற்கும் வாய்ப்பைக் குறைக்கும் முடிவும் ஒன்றுபோலவே தோற்றமளிப்பதால், பருவத்துக்குப் பருவம் வேலையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய ஒருவர் முதலாவதைத் தேர்வது இயல்பு. மன்றங்களாகிய நாம்தான் அந்த அச்சத்தை அவருக்குக் கொடுக்கிறோம்.

சமனில் நிற்கும் ஆட்டங்களில் அவருடைய போக்கு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆட்ட நேரம் பாதி மிச்சமிருக்கும்போதே டைபிரேக்கருக்கான ஆள்களை மனத்தில் வரிசைப்படுத்தத் தொடங்கிவிடுவார். எங்கள் கோல்காப்பாளர் அதில் கெட்டிக்காரர் என்பதால் சில ஆட்டங்களை அப்படியே வென்றோம். அந்த வெற்றிகள் இந்தப் பழக்கத்துக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டன. நாக் அவுட் போட்டியில் இதற்காவது ஒரு கணக்கு உண்டு. லீக் முறையில் நடக்கும் போட்டியில் கணக்கே வேறு. வெற்றிக்கு இரண்டு புள்ளி கொடுத்த காலத்தில் இரண்டு சமன்கள் ஒரு வெற்றிக்கு ஈடு. இங்கிலாந்து 1981இல் தொடங்கி, 1994 உலகக் கோப்பையோடு எங்கும் பரவிய மூன்று புள்ளி முறையில், இரண்டு சமன்களால் இரண்டு புள்ளியும், ஒரு வெற்றி ஒரு தோல்வியால் மூன்று புள்ளியும் கிடைக்கின்றன. 2018-19 ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளோடு வாகை சூடியபோது ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளில் நின்றது. கடைசி நாளில் கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபிடம் தொடக்கத்திலேயே கோல் வாங்கிப் பின்தங்கிய சென்னை அணி, பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பழக்கியிருந்த தாக்குதல் ஆட்டத்தைக் கைவிடாமல் 3-1 என்று திருப்பியது. அந்தப் பருவத்தில் இன்னும் ஓர் ஆட்டத்தைச் சமனில் விட்டிருந்தால் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் கடத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோல்காப்பாளர் பந்தைக் கட்டிக்கொண்டு படுப்பதும், மாற்று வீரர் நடைபோட்டு வெளியேறுவதும் எங்கள் பயிற்சியாளரின் பாடத்திட்டத்தில் இருந்தன. உள்ளூர்ப் போட்டிகளில் நடுவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கூட்டிக் கொடுப்பதில்லை என்பதால் அது பலித்தது. ஆனால் கத்தார் உலகக் கோப்பையிலிருந்து வீணான நேரத்தைக் கணக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கும் போக்கு வலுத்திருக்கிறது; 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கோல்காப்பாளர் எட்டு வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இளையவர்கள் மாநில அளவில் ஆடப்போகிறார்கள் என்றால் இந்தப் பாடத்தைத் தவிர்ப்பது நல்லது.

அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் அவருடைய முறை மேலும் மோசமாக வேலை செய்தது. திடல் சிறியது, ஆஃப்சைடு பார்ப்பதில்லை, எங்கிருந்து உதைத்தாலும் பந்து கோலுக்கு எட்டும். அங்கே பின்வாங்க இடமே கிடையாது. பின்வாங்கினால் கோல்காப்பாளரின் பார்வையை மறைப்பதைத் தவிர வேறு பயனில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது வீரர்களிடம் ஏற்பட்ட மாற்றம். பருவத்தின் தொடக்கத்தில் கோல் அடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடியவர்கள், பருவத்தின் இறுதியில் கோல் அடித்ததும் வரப்போகும் சைகைக்காகப் பயிற்சியாளர் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது கோலுக்கு வாய்ப்பிருந்த ஓர் ஆட்டத்தில், மூவர் இருவரை எதிர்த்து ஓடும் நிலையில், எங்கள் நடுக்கள வீரர் பந்தைக் கார்னர் கொடியருகே கொண்டுபோய் நிறுத்தினார். அரை மணி நேர ஆட்டம் பாக்கியிருந்தது. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலேயே செய்யுமளவுக்குப் பழகிவிட்டார் என்பதுதான் சிக்கல். கடலில் பல நாள் தங்கி, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து நொடியில் முடிவெடுக்கும் பையன்கள் இவர்கள். இவர்களுக்குத் துணிவைக் கற்றுத்தர வேண்டியதில்லை, இருப்பதைப் பறிக்காமல் விட்டால் போதும்.

எனவே இவரை அமர்த்த எண்ணும் மன்றங்களுக்கு என் கருத்து இது. இளையோர் அணிகளுக்கும், பின்களம் ஓட்டையாக இருக்கும் அணிகளுக்கும் தயங்காமல் அழைக்கலாம். தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பிறகு கிடைக்கமாட்டார். கோப்பையை எதிர்பார்த்து இறங்கும் மூத்தோர் அணி என்றால், தொகையைப் பேசும் அன்றே ஆட்ட நாள் முடிவுகளைப் பற்றியும் பேசிக்கொள்ளுங்கள். முன்னிலையில் இருக்கும்போது குறைந்தது இருவரை முன்களத்தில் விட்டுவைப்பது, வேகமான விங்கரை எடுத்தால் இன்னொரு வேகமான விங்கரையே இறக்குவது, ஒரு தாக்குதல் வீரரையாவது கடைசிவரை மாற்று வரிசையில் வைத்திருப்பது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அதற்கு ஈடாக, துணிந்து ஆடித் தோற்றால் அவர்மீது பழி போடமாட்டோம் என்று நிர்வாகமும் எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னதைச் செய்யாமல் முன்னதைக் கேட்பது நேர்மையாகாது.

எங்கள் மன்றம் அடுத்த பருவத்துக்கும் அவரையே அழைத்திருக்கிறது. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் அணி முழுதும் அவர் பொறுப்பு. மூத்தோர் அணிக்குப் பயிற்சி அவருடையது, ஆட்டத்தின்போது மாற்று வீரர்களை முடிவு செய்வது மட்டும் அணித்தலைவரோடு கலந்து என்று கடிதம் கொடுத்திருக்கிறோம். முதல் பகுதிக்கு உடனே சம்மதித்தார். இரண்டாம் பகுதிக்கு இதுவரை பதில் இல்லை. கயிற்றை மட்டும் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.